அடையாற்றங்கரைப் போரும் நம் கடைக் கணக்கும்

சாந்தோமிலிருந்து அடையாற்றுக்குச் செல்லும் வழியில், திரு.வி.க. பாலத்தின் மீது வாகனங்கள் ஊர்ந்து நகரும் நேரத்தில் இடப்பக்கம் திரும்பினால், ஆறு அகன்று மணல்திட்டுகளுக்கு இடையே கடலைச் சேர்வதைக் காணலாம். அன்றைய ஆங்கிலேயர் நாட்காட்டியின்படி 1746ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள், இந்த ஆற்றின் வடகரையில், குவிபிள் தீவை ஒட்டிய பகுதியில் ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கானின் படை அணிவகுத்து நின்றது. எண்ணிக்கை சுமார் 10,000. தலைமை தாங்கியவர் நவாபின் மகன் மஹ்பூஸ் கான். எதிர்க்கரையில் புதுச்சேரியிலிருந்து நடந்து வந்திருந்த பிரெஞ்சுக் கம்பெனியின் படை. அதில் ஐரோப்பியர் முந்நூறு பேர் வரை, பயிற்சி பெற்ற உள்நாட்டுச் சிப்பாய்கள் சுமார் 700 பேர். அவர்களிடம் ஒரு பீரங்கிகூட இல்லை. பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் இருந்த அந்தச் சிறு படை ஆற்றில் இறங்கி, நீரைக் கடந்து கரையேறி, ஒரே சீராகச் சுட்டு, துப்பாக்கி முனை ஈட்டிகளோடு முன்னேறியது. நவாபின் படை சிதறியது. சாந்தோமின் குறுகிய தெருக்களுக்குள் யானைகளும் குதிரைகளும் மூட்டை வண்டிகளும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வெளியேற வழியின்றித் திணறின.

அடையாற்றுப் போர் என்று வரலாற்று நூல்கள் குறிப்பிடும் இந்த நிகழ்ச்சியைப் பற்றி மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் வாழும் நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். தென்னிந்திய அரசியலின் போக்கையே மாற்றிய போர் அது. ஆயினும் இங்கு அதை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அரசியல் அன்று. அன்று வென்றவர்கள் மன்னர்கள் அல்லர், வணிகர்கள். புதுச்சேரியின் ஆளுநர் டூப்ளே ஒரு வணிக நிறுவனத்தின் ஊழியர். துணியும் மிளகும் வாங்கி விற்க வந்த கம்பெனி, படை நடத்தும் முறையைத் தன் கணக்குப் பேரேட்டோடு சேர்த்து வைத்துக்கொண்டது. இன்று மேலாண்மைக் கல்லூரிகளில் படைத்துறைத் திட்டமிடலை வணிகத்தில் பயன்படுத்துவது எப்படி என்று பாடம் நடத்துகிறார்கள். அந்தப் பாடத்தின் முதல் அத்தியாயம், நல்லதும் கெட்டதுமாக, நம் சென்னையில்தான் எழுதப்பட்டது.

மஹ்பூஸ் கான் திறமையற்றவர் என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவது எளிது, நியாயம் ஆகாது. 1746 செப்டம்பரில் ஆங்கிலேயரிடமிருந்து சென்னைக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். கோட்டையை நவாபிடமே ஒப்படைப்பதாக டூப்ளே வாக்களித்திருந்தார், வாக்கைக் காப்பாற்றவில்லை. அதைக் கேட்கத்தான் மகனை அனுப்பினார் நவாப். மஹ்பூஸ் கான் கோட்டையைச் சூழ்ந்தார். கோட்டைக்குக் குடிநீர் வந்த வழியை அடைத்தார். இது சரியான திட்டம். தாகம் தாங்காமல்தான் அக்டோபர் 22ஆம் நாள் உள்ளே இருந்தவர்களில் 400 பேர் இரண்டு சிறு பீரங்கிகளோடு வெளியே வந்தார்கள். அந்த நாள்வரை இப்பகுதிப் படைகளில் ஒரு பீரங்கி கால் மணி நேரத்துக்கு ஒருமுறை சுட்டாலே அது நல்ல வேகம். முதல் குண்டு வந்ததும் குதிரைப்படை துணிந்து நெருங்கியது, அடுத்த குண்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்ற கணக்கில். அடுத்தது உடனே வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. கணக்கு பொய்த்ததும் படை திகைத்து விலகியது.

மஹ்பூஸ் கானிடம் முதல் அடிக்குத் திட்டம் இருந்தது. எதிராளி பதிலடி கொடுத்தால் இரண்டாம் அடி என்ன என்பதற்கு இல்லை. இரண்டு நாள் கழித்து அடையாற்றில் நின்றபோதும் அதே நிலைதான். ஆறு தடுக்கும் என்று நம்பினார். தடுக்காவிட்டால் யார் எங்கே பின்வாங்குவது, சேமப்படை எங்கே நிற்பது, சாந்தோம் தெருக்கள் வழியே எந்த அணி முதலில் வெளியேறுவது என்பதையெல்லாம் எவரும் எவருக்கும் சொல்லி வைத்திருக்கவில்லை. அந்தப் படையில் வீரத்துக்கும் குறைவில்லை, ஆளுக்கும் குறைவில்லை.

இந்தப் பாடத்தை முதலில் கற்றுக்கொண்டவர்கள் ஆங்கிலேயர். 1748இல் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் என்ற படைத்தலைவரை வரவழைத்து, கம்பெனிக்கென ஒழுங்கான படை அமைக்கத் தொடங்கினர். 1751இல் ராபர்ட் கிளைவ் 200 ஐரோப்பியரோடும் 300 சிப்பாய்களோடும் ஆற்காட்டைப் பிடித்து, ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கியது பள்ளிப் பாடத்தில் வரும். அதே காலத்தில் இதைவிட நுட்பமாகக் கற்றுக்கொண்டவர் ஒருவர் இருந்தார். இராமநாதபுரம் சீமையின் பனையூரில் பிறந்து, இஸ்லாத்தைத் தழுவி, சாதாரணச் சிப்பாயாகத் தொடங்கிக் கம்பெனியின் சிப்பாய்கள் அனைவருக்கும் தளபதியாக உயர்ந்த யூசுப் கான். மருதநாயகம் என்று தமிழுலகம் அறிந்தவர்.

யூசுப் கானின் புகழை வாள்வீச்சோடு சேர்த்தே பேசுகிறோம். லாரன்ஸ் அவரை மதித்ததற்குக் காரணம் பெரிதும் வேறு. 1753, 1754ஆம் ஆண்டுகளில் திருச்சிராப்பள்ளி நெருக்கடியில் இருந்தபோது, அரிசி மூட்டைகளும் மருந்தும் ஈயமும் சுமந்த வண்டிகளும் எருதுகளும் எதிரியின் கண்ணில் படாமல் கோட்டைக்குள் வந்து சேர வேண்டும். எந்த இரவில், எந்தப் பாதையில், எத்தனை வண்டி, முன்னால் யார், பின்னால் யார், ஒற்றர் சொன்ன செய்தி உண்மையா பொய்யா என்பதையெல்லாம் தீர்மானித்து நடத்தியவர் அவர். 1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டபோதும் அவர் கோட்டைக்குள் இல்லை. வெளியே செங்கல்பட்டு, பரங்கிமலைப் பக்கங்களில் சுற்றியபடி, பிரெஞ்சுக்காரரின் தானியமும் கால்நடையும் வரும் வழிகளை அறுத்துக்கொண்டிருந்தார். கோட்டை பிழைத்ததில் கடற்படை வந்து சேர்ந்ததற்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் அதுவரை எதிரி நிம்மதியாக உண்ண முடியாமல் செய்தவர் யூசுப் கான்.

பின்னர் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் வரி வசூல் அவரிடம் குத்தகைக்கு வந்தபோது, அதே தலையோடுதான் அவர் ஆட்சியையும் நடத்தினார். கால்வாய்களும் குளங்களும் சீர்செய்யப்பட்டன. நெசவாளருக்கு ஆதரவு கிடைத்தது. சந்தைக்குச் செல்லும் வழிகளில் கள்ளர் அச்சம் குறைந்தது. சரக்கு பத்திரமாகப் போய்ச் சேராத ஊரில் வரியும் வராது என்பதை வண்டித் தொடர்களை நடத்திய மனிதர் அறியாமல் இருக்க முடியுமா? அவருடைய முடிவு துயரமானது. நவாபோடும் கம்பெனியோடும் முரண்பட்டு, தம்மைச் சூழ்ந்திருந்தவர்களாலேயே பிடித்துக் கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபர் 15ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். சரக்கு வழியைக் காத்தவர், தம்மைச் சுற்றி நின்றவர்களின் மனக்குறையைக் கவனிக்கவில்லை.

ஐந்தாண்டு கழித்துப் பரங்கிமலை அடிவாரத்தில் இன்னொரு காட்சி. 1769இல் மைசூரின் ஹைதர் அலி தம் காலாட்படையையும் கனரகப் பீரங்கிகளையும் மூட்டை முடிச்சுகளையும் திருப்பி அனுப்பிவிட்டு, தேர்ந்தெடுத்த சுமார் 6,000 குதிரை வீரர்களோடு மூன்றரை நாளில் 130 மைல் கடந்து சென்னை வாசலில் வந்து நின்றார். ஆங்கிலப் படை எங்கோ பின்னால் அவரைத் தேடிக்கொண்டிருந்தது. குதிரைகளை மட்டும் வைத்துக்கொண்டு கோட்டையைப் பிடிக்க முடியாது என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். கோட்டை அவர் நோக்கமும் அன்று. தாம் விரும்பும் உடன்படிக்கை வேண்டும். அதற்குக் கோட்டையின் ஆலோசனைச் சபை அஞ்ச வேண்டும். ஏப்ரலில் உடன்படிக்கை கையெழுத்தானது. மயிலாப்பூரையோ சாந்தோமையோ எரித்துவிட்டுப் போவது எளிதாக இருந்தும், வந்த வேலை முடிந்ததும் அவர் திரும்பினார். நோக்கம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நிலைத்திருத்தல் என்பதைப் போரின் முதல் விதியாக இன்றும் இந்திய ராணுவத்தில் கற்பிக்கிறார்கள். அந்த விதிக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இந்நகரின் வரலாற்றில் எனக்குத் தெரிந்து இல்லை.

இதே ஆண்டுகளில் சேப்பாக்கத்தில் நடந்ததுதான் நம் வணிகக் குடும்பங்கள் மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி. அன்வருத்தீன் கானுக்குப் பின் நவாபாக வந்தவர் முஹம்மது அலி வாலாஜா. சேப்பாக்கம் அரண்மனை 1768இல் எழுந்தது. வாலாஜா பள்ளிவாசலைத் தந்த குடும்பம், கொடைக்கும் கல்விக்கும் பெயர் பெற்ற குடும்பம். ஆனால் நவாபின் போர்களும் தர்பாரும் கடனில் ஓடின. கம்பெனி தன் படையை அவருக்காக அனுப்பி, செலவை அவர் கணக்கில் எழுதியது. அந்தச் செலவை அடைக்க, அதே கம்பெனியின் ஊழியர்களிடம் தனிப்பட்ட முறையில் அவர் கடன் வாங்கினார். ஒரு கட்டத்தில் நூற்றுக்கு 30க்கு மேலும் வட்டி ஓடியது. 1767இல் பழைய கடன்களெல்லாம் ஒன்றாக்கப்பட்டு வட்டி 10 ஆக்கப்பட்டது. அதனால் கடன் வாங்குவது நிற்கவில்லை.

1777ஆம் ஆண்டின் குதிரைப்படைக் கடன் என்று ஒன்று உண்டு. நவாபின் குதிரைப்படை தேவைக்கு மேல் இருந்தது. கலைத்துவிடுமாறு கம்பெனி வற்புறுத்தியது. கலைக்க வேண்டுமென்றால் வீரர்களின் சம்பளப் பாக்கியைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்கப் பணமில்லை. ஆகவே வீரர்களை வீட்டுக்கு அனுப்புவதற்காகவே கடன் வாங்கினார்கள்! வைத்திருக்கவும் முடியாத, விடவும் முடியாத செலவு. கடையைத் திறந்து வைத்திருக்கவும் மனமில்லாமல், மூடினால் வாடகைப் பாக்கியும் ஊழியர் பாக்கியும் ஒரேயடியாகக் கேட்பார்களே என்று அஞ்சி, மாதா மாதம் புதுக் கடனில் விளக்கெரிக்கும் அண்ணன் தம்பிகளை நாம் அறிவோம். தவணைக்காரர் வீட்டு வாசலில் வந்து நிற்பதற்குள் வீட்டாரிடம் உண்மையைச் சொல்லத் துணியாதவர்களையும் அறிவோம்.

1785 பிப்ரவரியில் லண்டன் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசினார். அக்கடன்களில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கற்பனை என்பது அன்றே பெரும் வழக்கு. 1801இல் கர்நாடகப் பகுதியின் ஆட்சி முழுவதும் கம்பெனியின் கைக்குப் போயிற்று. 1855இல் நவாப் பட்டமும் மறைந்தது. இராயப்பேட்டை அமீர் மஹாலில் வாழும் ஆற்காட்டு இளவரசர் குடும்பம், பின்னர் வழங்கப்பட்ட வேறொரு பட்டத்தின் வழி வருவது. ஒரு நாட்டைத் தோற்கடித்தது வாளா, வட்டியா என்று கேட்டால், வாளுக்கு இரண்டாம் இடம்தான் கொடுக்க வேண்டும். வட்டியை மார்க்கம் விலக்கியிருப்பதை நாம் ஜும்ஆ மேடையில் கேட்கிறோம். அதன் பொருளியல் காரணத்தைக் காண விரும்புவோர் சேப்பாக்கம் அரண்மனையின் சுவரைப் பார்த்தபடி கடற்கரைச் சாலையில் ஒருமுறை நடந்து வரலாம்.

இனி, படைத்துறை உண்மையிலேயே எப்படித் திட்டமிடுகிறது என்பதைப் பார்ப்போம். ஹைதர் வந்து நின்ற அதே பரங்கிமலையில் 1963 முதல் ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகம் இயங்குகிறது. குறுகிய காலப் பணிக்கு வரும் இளைஞர்களும் இளம் பெண்களும் அங்கே அதிகாரிகளாகிறார்கள். ராணுவ அதிகாரி எவரும் தொடக்கத்திலேயே கற்கும் ஒரு சிந்தனை முறைக்கு அப்ரிஸியேஷன் என்று பெயர். பாராட்டு என்ற பொருளில் அன்று. நிலைமையை மதிப்பிடுதல் என்ற பொருளில். முதலில் நோக்கம் என்ன என்று ஒரே வரியில் எழுத வேண்டும். பிறகு நிலம், காலம், பருவநிலை, நம் பலம், எதிராளியின் பலம், உணவும் தளவாடமும் என ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றின் கீழும் ஆகவே என்ன என்று கேட்க வேண்டும். மழை பெய்யும் என்று எழுதினால் போதாது. மழை பெய்யும், ஆகவே இந்த வழியில் வண்டி போகாது என்று எழுத வேண்டும். அதன்பின் செல்லக்கூடிய வழிகள் இரண்டு மூன்றை வைத்து ஒப்பிட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் திட்டமாக்க வேண்டும்.

திட்டத்தைக் கீழே உள்ளவர்களுக்குச் சொல்வதற்கும் ஒரு வரிசை உண்டு. நிலைமை, பணி, செயல்முறை, உணவு முதலிய நிர்வாக ஏற்பாடுகள், கட்டளையும் தொடர்பும் என ஐந்து தலைப்புகள். தலைவர் வீழ்ந்தால் அடுத்தவர் யார் என்பது கடைசித் தலைப்பில் வரும். பணி என்ன என்பதோடு அது எதற்காக என்பதையும் சொல்லியாக வேண்டும். காரணம் தெரிந்த வீரன், நிலைமை மாறும்போது தானே முடிவெடுப்பான். மஹ்பூஸ் கானின் பத்தாயிரம் பேருக்கும் கிடைக்காதது இந்த ஐந்து தலைப்புகளே.

இவை ஐரோப்பியர் கண்டுபிடித்த புதுமைகள் என்று எண்ண வேண்டியதில்லை. நம் வீட்டுக் குழந்தைகள்கூட அறிந்த ஹிஜ்ரத் பயணத்தை இந்த ஐந்து தலைப்புகளில் பொருத்திப் பாருங்கள். மதீனா வடக்கே இருக்க, அண்ணல் நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் முதலில் தெற்கே உள்ள தவ்ர் குகைக்குச் சென்றார்கள். அப்துல்லாஹ் இப்னு அபூபக்ர் பகலில் மக்காவின் பேச்சைக் கேட்டு இரவில் செய்தி கொண்டுவந்தார். அஸ்மா (ரலி) உணவு ஏற்பாடு செய்தார். ஆமிர் இப்னு ஃபுஹைரா ஆடுகளை ஓட்டி வந்து பால் கொடுத்ததோடு, காலடித் தடங்களையும் அழித்தார். வழிகாட்டியாக அப்துல்லாஹ் இப்னு உரைகித் அமர்த்தப்பட்டார். அவர் முஸ்லிம் அல்லர். பாலைவழி அறிந்தவர், நம்பத்தக்கவர், கூலி பேசி அமர்த்தப்பட்டவர். குகைக்குள் மூன்று இரவுகள். இவ்வளவு ஏற்பாட்டுக்கும் பிறகுதான் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுதல். தவக்குல் என்ற சொல்லைத் திட்டமிடாமைக்குப் போர்வையாக்கிக்கொள்ளும் நம் பழக்கத்துக்கு ஹிஜ்ரத்தில் சான்று கிடையாது. இங்கே எவர் மீதும் வாள் உயரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். திட்டமிடலைப் படையிலிருந்து எடுத்துக்கொள்ள, பகைமையையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை.

உஹுத் போரின் செய்தி வேறு. மலைக்கணவாயில் ஐம்பது வில்லாளிகள் நிறுத்தப்பட்டு, வென்றாலும் தோற்றாலும் இடத்தை விட்டு நகரக் கூடாது என்று கட்டளையிடப்பட்டனர். வெற்றி தெரிந்ததும் பெரும்பாலோர் இறங்கி ஓடினர். நிலைமை தலைகீழானது. கடைக்குள் கூட்டம் அலைமோதும்போது கல்லாவில் இருப்பவரும் குடோன் பொறுப்பாளரும் தங்கள் இடத்தை விட்டுத் துணி எடுத்துக் காட்ட ஓடுவதை நான் பார்க்கும்போதெல்லாம் அந்த வில்லாளிகள் நினைவுக்கு வருவார்கள். ஆர்வம்தான் காரணம், கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அந்த அரை மணி நேரத்தில்தான் பில் போடாத சரக்கு வெளியே போகிறது. உஹுதுக்கு முன் ஊருக்குள்ளிருந்தே எதிர்ப்பதா, வெளியே செல்வதா என்று தோழர்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. வெளியே செல்வதென்ற கருத்து ஏற்கப்பட்டு இழப்பும் நேர்ந்தபின், ஆலு இம்ரான் அத்தியாயத்தில் அவர்களை மன்னித்து மீண்டும் கலந்தாலோசிக்கும்படியே ஆணை வந்தது. தவறிய ஒருமுறையைக் காரணம் காட்டி, இனிமேல் என் கடையில் எவனிடமும் எதுவும் கேட்க மாட்டேன் என்று சொல்லும் முதலாளிகள் இதைச் சற்று யோசிக்கலாம்.

நடந்ததைப் பின்னால் உட்கார்ந்து ஆராய்வதும் படைகளிலிருந்து நிறுவனங்களுக்கு வந்த வழக்கம்தான். அமெரிக்கக் கடற்படை 1958இல் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவாக்கிய பெர்ட் என்ற வேலைத்தொடர் வரைபடம் இன்று கட்டடக் காண்டிராக்டர்வரை வந்துவிட்டது. அதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். தோல்விக்குப் பிந்தைய ஆய்வைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்த நம் இராமேஸ்வரத்து அப்துல் கலாம் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் 1979 ஆகஸ்ட் 10 அன்று கடலில் விழுந்தது. ஏவுவதற்குச் சில நிமிடம் முன்பு கணினி எச்சரித்து நிறுத்தியது. வல்லுநர்கள் சொன்னதன் பேரில் அதை மீறி ஏவினார்கள். இரண்டாம் கட்டத்தில் ஏற்பட்ட அமிலக் கசிவே தோல்விக்குக் காரணம் என்று ஆய்வு காட்டியது. பத்திரிகையாளர் முன் பொறுப்பேற்றவர் தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 அன்று இரண்டாம் முயற்சி வென்றபோது, பத்திரிகையாளரைச் சந்திக்கக் கலாமை அனுப்பினார் அவர். பழியைத் தாம் ஏற்று, ஆய்வைக் குழுவிடமும் வெற்றியை இளையவரிடமும் கொடுத்தார்.

தி.நகர் பாண்டி பஜாரில் ஆயத்த ஆடைக் கடை நடத்தும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ரமலான் வருகிறது. பெரும்பாலான ஆண்டுகளில் நடப்பது என்ன? ஷஅபான் பிறந்ததும் பெரியவர் சூரத்துக்கும் திருப்பூருக்கும் போன் செய்வார். கடந்த ஆண்டு விற்றதைவிடக் கொஞ்சம் கூட்டிச் சொல்வார். மீதி அல்லாஹ் பார்த்துக்கொள்வான். இந்த ஆண்டு அப்ரிஸியேஷன் முறையில் அவர் ஒரு தாளை எடுத்து எழுதினால் எப்படி இருக்கும்? நோக்கம் ஒரு வரி. நிறைய விற்க வேண்டும் என்பது நோக்கமாகாது. பெருநாள் முடிந்த பத்தாம் நாள் மொத்த வியாபாரிகளின் பாக்கி தீர்ந்திருக்க வேண்டும் என்பது நோக்கம். இந்த வரி எழுதப்பட்டதும் கொள்முதல் தானாகவே சுருங்கும். சூரத்திலிருந்து இருபது நாளில் சரக்கு வரும்; ஆகவே முதல் பத்து நோன்புக்குள் எந்த வகை ஓடுகிறது என்று தெரிந்தாலும் மறுபடி வரவழைக்க நேரம் இருக்காது; ஆகவே பணத்தில் ஒரு பகுதியை, ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம், செலவிடாமல் ஒதுக்கி, அருகிலேயே சவுகார்பேட்டையில் கிடைக்கும் சரக்குக்கு வைத்திருக்க வேண்டும். இதுதான் சேமப்படை. விலை கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் அடையாற்றங்கரையில் அது இல்லாமல்தான் ஒரு படை அழிந்தது.

எதிராளி யார் என்ற கேள்வியும் வரும். பக்கத்துக் கடைக்காரரை அந்த இடத்தில் எழுதுபவர்கள் உண்டு. இங்கேதான் படைத்துறைப் பாடத்தின் எல்லை வருகிறது என்பது என் கருத்து. பிரெஞ்சு, ஆங்கிலக் கம்பெனிகள் போட்டி வணிகரை எதிரியாகவே நடத்தின. போட்டியை ஒழிக்கப் படை வைத்தன. படைக்குச் செலவு செய்ய வரி வாங்கின. கடைசியில் நெசவாளனிடம் பேரம் பேசக்கூட விடவில்லை. பக்கத்துக் கடைக்காரர் அண்டை வீட்டார். அவருக்குள்ள உரிமை நம் மீது இருக்கிறது. அந்தத் தாளில் எதிராளி என்ற கட்டத்தில் மழை, தாமதமாகும் லாரி, தேங்கும் சரக்கு, தவணைத் தேதி ஆகியவற்றை எழுதினால் போதும். அவையே நிறைய.

பிறகு ஐந்து தலைப்புகளையும் கடைப் பையன்களை உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். நான் பார்த்தவரை நம் கடைகளில் முதல் மூன்று தலைப்புகள் எப்படியோ காதில் விழுந்துவிடுகின்றன. முதலாளி ஜும்ஆவுக்கோ தராவீஹுக்கோ சென்றிருக்கும்போது தள்ளுபடி கேட்கும் வாடிக்கையாளருக்கு யார் பதில் சொல்வது என்ற ஐந்தாம் தலைப்பு பாதிதான் தெளிவாகிறது. நான்காவது பெரும்பாலும் விட்டுப்போகிறது. இருபத்தேழாம் இரவை ஒட்டிய நாட்களில் காலை பத்து மணிக்கு வந்த பையன் நள்ளிரவுவரை நிற்கிறான். அவன் நோன்பாளியாக இருக்கலாம். திருநெல்வேலியிலிருந்து வந்து மேற்கு மாம்பலத்தில் ஓர் அறையில் ஆறு பேரோடு தங்கியிருக்கும் மாற்றுச் சமயப் பிள்ளையாகவும் இருக்கலாம். மஃரிப் பாங்கு ஒலிக்கும் நேரமே கடையில் கூட்டம் ஏறும் நேரம். அந்த நேரத்தில் எந்த இருவர் முதலில் கஞ்சி குடிக்கச் செல்வது, கால் மணி கழித்து யார் போவது, கூட்டத்திலும் அந்த வரிசையை மாற்றாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு யாருடையது, இரவு அவர்கள் அறைக்குத் திரும்ப வண்டி உண்டா என்பதைத் தாளில் எழுதி, கல்லாவுக்குப் பின்னால் ஒட்டி வைக்க வேண்டும்.